பத்து கியர் ட்ரக்கில் பல் கடிக்காமல் கியர் மாற்றுவது எப்படி

கனடாவிலும் அமெரிக்காவிலும் இப்போது புதிதாக வரும் நெடுந்தூர ட்ரக்குகளில் பெரும்பாலானவை கியரைத் தாமாகவே மாற்றிக்கொள்கின்றன. அதனால் மேனுவல் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஒன்டாரியோவில் 2022 ஜூலை 1 முதல், ட்ரெய்லர் இழுக்கும் பெரிய ட்ரக்குகளுக்கான ஏ வகுப்பு ரோடு டெஸ்ட்டை ஆட்டோமேட்டிக் வண்டியில் கொடுத்து லைசென்ஸ் எடுத்தவர் அந்த வகுப்பில் மேனுவல் வண்டியைத் தொட முடியாது. அமெரிக்காவில் இதே தடை லைசென்ஸில் 'E' என்ற எழுத்தாக ஏறும். மர லோடு, கட்டுமான வேலை, பழைய ட்ரக்குகளை வைத்து ஓட்டும் சின்ன கம்பெனிகள் என்று மேனுவலுக்கு இன்னும் நிறைய வேலை இருக்கிறது. தொடக்கத்திலேயே மேனுவலில் பழகி டெஸ்ட் கொடுப்பதுதான் நல்லது.

இந்தக் குறிப்பு ஈட்டன் ஃபுல்லர் பத்து ஸ்பீடு கியர்பாக்ஸை வைத்து எழுதப்பட்டது. ட்ரைவிங் ஸ்கூல்களில் பெரும்பாலும் இதுதான் இருக்கும். இதில் கை பழகிவிட்டால் 13, 18 ஸ்பீடுக்குப் போவது பெரிய வேலை இல்லை.

கியர்பாக்ஸ் எப்படிப்பட்டது

காரில் கியர் போடும்போது, சுற்றும் இரண்டு பாகங்களின் வேகத்தையும் உள்ளே இருக்கும் சின்க்ரோனைசர் சமப்படுத்திக் கொடுத்துவிடும். இந்த ட்ரக் கியர்பாக்ஸின் முன்பகுதியில் அது கிடையாது. எஞ்சினோடு சுற்றும் கியரும் சக்கரத்தோடு சுற்றும் ஷாஃப்ட்டும் ஏறக்குறைய ஒரே வேகத்துக்கு வந்தால்தான் பல்லும் பல்லும் சேரும். அந்த வேகத்தைச் சமப்படுத்தும் வேலை ஓட்டுபவருடையது. கியர் விழாமல் அடம்பிடித்தால் குறை வேகக்கணக்கில்தான் இருக்கிறது. கையில் பலம் கூட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை. பழைய லேலண்ட் லாரிகளில் டபுள் கிளட்ச் அடித்து, அதாவது ஒரு கியருக்கு இரண்டு தடவை கிளட்ச் மிதித்து ஓட்டியவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் இங்கே ஸ்டியரிங் இடப்பக்கம், கியர் வலக்கையில். ஊரில் இருபது வருடம் ஓட்டிய கையும் முதல் வாரம் தடுமாறும்.

பத்து கியர் என்றாலும் லீவருக்கு ஐந்து இடங்கள்தான். முன்பெட்டியில் ஐந்து கியர், அதன் பின்னால் இருக்கும் பின்பெட்டியில் காற்றால் இயங்கும் லோ, ஹை என்ற இரண்டு ரேஞ்ச். லோ ரேஞ்சில் 1 முதல் 5 வரை. கியர் குமிழின் முன்பக்கம் விரல் படும் இடத்தில் இருக்கும் சின்ன ரேஞ்ச் லீவரை மேலே தூக்கினால் அதே ஐந்து இடங்களும் 6 முதல் 10 ஆகிவிடும். 1 இருந்த இடத்தில் 6, 2 இருந்த இடத்தில் 7, அப்படியே 5 இருந்த இடத்தில் 10. சில மாடல்களில் 4-9 இருக்கும் இடமும் 5-10 இருக்கும் இடமும் மாறியிருக்கும். புது ட்ரக்கில் ஏறினால் முதலில் கியர் படம் போட்ட ஸ்டிக்கரைப் பாருங்கள்.

மனதில் இருக்க வேண்டிய ஒரே கணக்கு

இந்த வகையில் பரவலாக இருக்கும் எஃப்.ஆர்.ஓ. 16210சி மாடலை எடுத்துக்கொள்வோம். முதல் கியர் விகிதம் 12.69, அதாவது எஞ்சின் 12.69 சுற்று சுற்றினால் கியர்பாக்ஸிலிருந்து வெளியே போகும் ஷாஃப்ட் ஒரு சுற்று. இரண்டாவது 9.29, மூன்றாவது 6.75. மேலே போனால் ஒன்பதாவது 1.00, பத்தாவது 0.74. எந்த இரண்டு அடுத்தடுத்த கியரை எடுத்து வகுத்தாலும் கிட்டத்தட்ட 1.37 வரும். அதாவது சாலை வேகம் மாறாமல் ஒரு கியர் மேலே போனால் ஆர்.பி.எம். (எஞ்சின் ஒரு நிமிடத்தில் சுற்றும் சுற்றுகள்) 1500-லிருந்து 1100-க்கு வர வேண்டும். 1300-ல் மாற்றினால் 950. கீழே வரும்போது இதற்கு நேர் எதிர்: 1100-ல் இருந்தால் 1500-க்கு ஏற்ற வேண்டும். சுருக்கமாக, ஒரு கியருக்கு 350 முதல் 400 ஆர்.பி.எம். இந்த எண் மனதில் பதிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

எந்த வேகத்துக்கு எந்த கியர் என்பதற்கு ஓட்டுநர்களிடையே ஒரு எளிய வழி உண்டு. மைல் கணக்கில் வேகத்தின் இரண்டு இலக்கங்களையும் கூட்டுங்கள். 15 மைலுக்கு 6-ஆவது கியர், 25-க்கு 7, 35-க்கு 8, 45-க்கு 9, 55-க்கு 10. கிலோமீட்டரில் சொன்னால் 24, 40, 56, 72, 88. பின் அச்சில் இருக்கும் டிஃபரன்ஷியலின் விகிதத்தையும் டயர் அளவையும் பொறுத்து கொஞ்சம் முன்பின் ஆகும். ஆனால் வேகம் குறைந்து எந்த கியரில் போடுவது என்று திகைக்கும்போது கை கொடுக்கும்.

கிளட்ச் பெடலில் மூன்று பகுதி

மேலே முதல் ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் வெறும் ஃப்ரீ ப்ளே, அதாவது ஒன்றும் நடக்காத தளர்வு. அதற்குக் கீழே கிளட்ச் பிரிகிறது. தரையை ஒட்டிய கடைசி ஒரு அங்குலத்தில் கிளட்ச் பிரேக் இருக்கிறது. இது கியர்பாக்ஸுக்குள் போகும் ஷாஃப்ட்டைப் பிடித்து நிறுத்தும் ஒரு வட்டத் தகடு. வண்டி நிற்கும்போது முதல் கியரோ ரிவர்ஸோ சத்தமில்லாமல் விழுவதற்காக மட்டுமே அது இருக்கிறது.

பழகுபவர்கள் மிகவும் அடிக்கடி செய்யும் தவறும் இங்கேதான். கார் பழக்கத்தில், ஓடும்போதும் கிளட்சைத் தரைவரை மிதித்துவிடுகிறார்கள். அப்போது கிளட்ச் பிரேக் சுற்றிக்கொண்டிருக்கும் ஷாஃப்ட்டைப் பிடிக்கும். வேகம் தாறுமாறாகக் குறைந்து கியர் விழாது. தகடு சூடேறி, ஷாஃப்ட் காடியில் உட்காரும் அதன் உள்காதுகள் உடையும். ஓடும்போது மிதி இரண்டு மூன்று அங்குலம் போதும். கிளட்ச் பிரிந்ததும் கால் திரும்பிவிட வேண்டும்.

நின்ற இடத்திலிருந்து கிளம்புவது

காற்று அழுத்தம் முழுதாக ஏறும்வரை, அதாவது 100 பி.எஸ்.ஐ.க்கு மேல் வரும்வரை பொறுங்கள். பிரேக்குக்கும் ரேஞ்சுக்கும் காற்று அங்கிருந்துதான் போகிறது. ரேஞ்ச் லீவர் கீழே, அதாவது லோவில் இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். கிளட்சைத் தரைவரை மிதித்து, ஒரு நொடி விட்டு கியரைப் போடுங்கள். பல்லோடு பல் முட்டி உள்ளே போகவில்லை என்றால் அழுத்தாதீர்கள். லீவரில் லேசான அழுத்தத்தோடு கிளட்சைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே விடுங்கள். ஷாஃப்ட் ஒரு துளி திரும்பியதும் கியர் தானாக உள்ளே விழும்.

இப்போது ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் கிளட்சை மெல்ல விடுங்கள். எஞ்சினின் ஐடில் வேகமே 36 டன் எடையையும் இழுத்துவிடும். ட்ரக் உதறினாலோ இழுக்க முடியாமல் திணறினாலோ எடுத்த கியர் அதிகம் என்று அர்த்தம், இன்னும் கீழ் கியரில் எடுங்கள். முழு லோடுக்கும் ஏற்றத்துக்கும் முதல் கியர், சமதளத்தில் லோடோடு இரண்டு, ட்ரெய்லர் காலி என்றால் மூன்று. கிளட்ச் முழுதாக வெளியே வந்த பிறகுதான் ஆக்ஸிலேட்டர். கிளட்சைப் பாதியில் வைத்துக்கொண்டு ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் தட்டு வழுக்கிச் சூடாகும். அதேபோல் ஏற்றத்தில் சிக்னலில் நிற்கும்போது வண்டியைக் கிளட்சில் தாங்கிப் பிடிக்கவே கூடாது. பார்க்கிங் பிரேக்கைப் போட்டு நில்லுங்கள். கிளம்பும்போது கிளட்சை விட்டு, வண்டியின் மூக்கு சற்றுத் தூக்குவது தெரிந்ததும் பிரேக் குமிழை உள்ளே தள்ளுங்கள்.

மேல் கியருக்குப் போவது

1. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துக்கொண்டே கிளட்சை இரண்டு மூன்று அங்குலம் மிதித்து, லீவரை நியூட்ரலுக்கு இழுங்கள். மூன்றும் ஒரே அசைவாக இருக்கட்டும்.
2. கிளட்சை விடுங்கள்.
3. ஆர்.பி.எம். இருந்ததிலிருந்து சுமார் 400 குறையும்வரை பொறுங்கள்.
4. கிளட்சை மறுபடி அதே அளவு மிதித்து அடுத்த கியரில் நழுவ விடுங்கள்.
5. கிளட்சை விட்டு ஆக்ஸிலேட்டர் கொடுங்கள்.

இந்த ஐந்தில் மூன்றாவதுதான் வித்தை. புதியவர்கள் நியூட்ரலில் நிற்கப் பயந்து அவசரப்படுவார்கள். எஞ்சின் 1300-ல் இருக்கும்போதே லீவரைத் தள்ளுவார்கள், பல் கடிக்கும். பொறுத்திருந்தால் எஞ்சின் சத்தம் இறங்கி வருவது காதில் விழும். லீவரை இரண்டு விரலும் கட்டைவிரலுமாக லேசாகப் பிடித்து, அடுத்த கியரின் வாசலில் சாய்த்து வையுங்கள். உள்ளங்கையில் ஒரு மெல்லிய அதிர்வு வரும். வேகம் நெருங்க நெருங்க அந்த அதிர்வு தளரும், சமமானதும் குமிழ் தானாக உள்ளே போகும். அந்த வாசலைக் கை அடையாளம் கண்டுகொண்டால் ஆர்.பி.எம். காட்டும் டாகோமீட்டரைப் பார்க்கும் அவசியமே குறைந்துவிடும். இறுக்கிப் பிடித்த கைக்கு அந்த அதிர்வு தெரியாது. கியர் போடும் கையைத் தளர்வாக வையுங்கள் என்று சொல்வது அதனால்தான்.

கியர் விழுந்த விதத்தை வைத்தே தவறைக் கண்டுபிடிக்கலாம். விழுந்ததும் வண்டி முன்னால் உந்தினால் எஞ்சின் வேகம் அதிகமாக இருந்தது, இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்க வேண்டும். மூக்கு குனிந்து பின்னால் இழுத்தால் தாமதமாகிவிட்டது. நியூட்ரலிலேயே தங்கி எஞ்சின் ஐடிலுக்கு இறங்கிவிட்டால், கிளட்ச் வெளியே இருக்கும்போது ஆக்ஸிலேட்டரைச் சின்னதாகத் தட்டி வேகத்தை ஏற்றி, பிறகு போடுங்கள்.

கீழ் கியர்களில் 1500 வரை இழுக்கத் தேவையில்லை. 1-லிருந்து 2-க்கு 1000 அல்லது 1100 போதும், நடுவில் 1200-1300, மேல் கியர்களில் 1400-1500. டீசலும் மிச்சம், நியூட்ரலில் காத்திருக்கும் நேரமும் குறைவு. ஏற்றத்தில் மட்டும் இந்தக் கணக்கு மாறும். நியூட்ரலில் இருக்கும் அந்தச் சிறு நேரத்திலேயே வண்டி வேகம் இழப்பதால் 1600 வரை இழுத்து, கையைச் சுறுசுறுப்பாக நகர்த்த வேண்டும். செங்குத்தான இடத்தில் மேல் கியருக்குப் போகாமல் இருப்பதே சரி.

கடும் குளிரில் காலையில் எடுத்ததும் கியர் ஆயில் கெட்டியாக இருக்கும். நியூட்ரலுக்கு வந்து கிளட்சை விட்டதும் ஷாஃப்ட்டின் வேகம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் விழும். நேற்று மாலை காத்திருந்த அளவு காத்திருந்தால் கியர் தவறிப்போகும். முதல் சில கிலோமீட்டருக்கு எஞ்சின் சத்தத்தை மட்டும் நம்புங்கள்.

5-லிருந்து 6: ரேஞ்ச் மாற்றம்

ஐந்தாவது கியரில் இழுத்துக்கொண்டிருக்கும்போதே ரேஞ்ச் லீவரை மேலே தூக்கிவிடுங்கள். அப்போது ஒன்றும் நடக்காது. லீவர் நியூட்ரலைக் கடக்கும்போதுதான் காற்று 'புஸ்' என்று போய்ப் பின்பெட்டி ஹைக்கு மாறும். அந்தப் பின்பெட்டியில் சின்க்ரோனைசர் உண்டு, இந்தக் கியர்பாக்ஸில் அது இருக்கும் ஒரே இடம் அதுதான். அதற்கு வேலை செய்யச் சற்று நேரம் கொடுங்கள், பிறகு 6-ஐப் போடுங்கள். அவசரமாக இழுத்தடித்தால் அது தேய்ந்து, ரேஞ்ச் எந்தப் பக்கமும் சேராமல் நடுவில் நிற்கும் நிலை வரும்.

நியூட்ரலுக்கு வந்த பிறகு ரேஞ்சைத் தூக்குவது தவறு. அதைவிடப் பெரிய தவறு 8, 9, 10-ல் ஓடும்போது விரல் பட்டு ரேஞ்சைக் கீழே தள்ளிவிடுவது. அடுத்த தடவை நியூட்ரலைக் கடக்கும் கணத்தில் நெடுஞ்சாலை வேகத்தில் லோ ரேஞ்ச் பிடிக்க முயலும். சின்க்ரோனைசர் கருகிவிடும். விரல் பட்டது தெரிந்தால் கியரை அசைக்காமல் உடனே மேலே தூக்கிவிட்டால் தப்பிக்கலாம்.

5-6 இடத்தில் இன்னொரு குழப்பம்: 6 என்பது 1-ன் இடம். லீவர் வலக்கோடியிலிருந்து இடக்கோடி வரை போக வேண்டும். வழியில் நின்றுவிட்டால் 8-லோ 7-லோ இடிக்கும். எஞ்சினை நிறுத்திவிட்டு 5-லிருந்து 6-ன் இடத்துக்குக் கையை மட்டும் ஐம்பது தடவை கொண்டுபோய்ப் பழகுங்கள்.

கீழ் கியருக்கு வருவது

முதல் இரண்டு அசைவும் அதேதான்: கிளட்ச், நியூட்ரல், கிளட்சை விடு. இப்போது காத்திருப்பதற்குப் பதில் ஆக்ஸிலேட்டரைத் தட்டி ஆர்.பி.எம்.மை ஏற்ற வேண்டும். 1100-ல் வெளியே வந்தால் 1450-1500. ஏறியதும் கிளட்ச், கியர், கிளட்சை விடு. பலர் கிளட்சை உள்ளே வைத்துக்கொண்டே ஆக்ஸிலேட்டரைத் தட்டுகிறார்கள். அப்போது எஞ்சின் மட்டும் உறுமும், கியர்பாக்ஸுக்குள் ஒன்றும் மாறாது. டபுள் கிளட்சின் அர்த்தமே நடுவில் கிளட்ச் வெளியே இருப்பதுதான்.

சிக்னலை நோக்கியோ திருப்பத்தை நோக்கியோ வரும்போது முதலில் பிரேக்கால் வேகத்தைக் குறையுங்கள், பிறகு கியர். 10-லிருந்து 9, 8, 7 என்று ஒவ்வொன்றாக இறங்க வேண்டும் என்பதில்லை. 25 மைலுக்கு வந்துவிட்டு நேராக 7-ல் போடலாம், ஆர்.பி.எம்.மை அந்த வேகத்துக்குத் தக்கபடி ஏற்றினால் போதும். திருப்பத்துக்குள் நுழையும் முன் கியர் முடிந்திருக்க வேண்டும், இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்க வேண்டும். 6-லிருந்து 5-க்கு வரும்போது, 6-ல் இருக்கும்போதே ரேஞ்சைக் கீழே தள்ளிவிட்டுப் பிறகு லீவரை நகர்த்துங்கள்.

ஏற்றத்தில் எஞ்சின் திணறும்வரை காத்திருக்காதீர்கள். 1200-1300-க்கு இறங்கும்போதே கியரை மாற்றினால் 1600-1700-ல் அடுத்த கியர் பிடித்து இழுக்கும்.

கியர் தவறினால்

கண் சாலையில் இருக்கட்டும், லீவரைக் குனிந்து பார்க்காதீர்கள். ஸ்பீடோமீட்டரை ஒரு தடவை பார்த்து, இலக்கக் கூட்டலில் எந்த கியர் என்று முடிவு செய்யுங்கள். கிளட்ச் வெளியே, ஆக்ஸிலேட்டரில் 1400-1500, கிளட்ச், கியர். இரண்டு தடவை முயன்றும் விழவில்லை என்றால் ஹசார்ட் விளக்கைப் போட்டு, பிரேக்கால் வேகத்தைக் குறைத்து ஓரத்தில் நிறுத்தி முதலிலிருந்து கிளம்புங்கள். நியூட்ரலில் உருண்டுகொண்டே போராடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

இறக்கம்

பிரிட்டிஷ் கொலம்பியாவின் கோக்விஹல்லா போன்ற மலைச்சாலையில் லோடோடு இறங்கும்போது கியரைத் தேர்ந்தெடுக்கும் இடம் உச்சிதான், சரிவு அல்ல. காரணம் அதே கணக்கு. சரிவில் நியூட்ரலுக்கு வந்த கணத்தில் வண்டி வேகம் கூடும். கீழ் கியருக்குத் தேவையான ஆர்.பி.எம். 1800, 2000 என்று உயர்ந்துகொண்டே போய், எஞ்சின் தொட முடியாத அளவைத் தாண்டிவிடும். விட்ட கியரையும் திரும்பப் பிடிக்க முடியாமல் போகலாம். பிறகு மிச்சம் இருப்பது பிரேக் மட்டும், அதுவும் சூடேறச் சூடேறப் பிடிமானம் இழக்கும்.

சரிவு தொடங்கும் முன்பே வேகத்தைக் குறைத்து, கியரைப் போட்டு, எஞ்சினைக் கொண்டே வண்டியின் வேகத்தை அடக்கும் எஞ்சின் பிரேக்கை ஆன் செய்யுங்கள். ஏறுவதற்குத் தேவைப்பட்ட கியரிலேயே இறங்கு என்பது பழைய சொல். இன்றைய ட்ரக்குகள் காற்றைக் கிழித்து உருளும்படி வடிவமைக்கப்பட்டவை, எஞ்சினும் பலமானது. அதனால் ஏறிய கியரைவிடக் கீழே போவதே பாதுகாப்பு. எஞ்சின் பிரேக் அதிக ஆர்.பி.எம்.மில்தான் நன்றாகப் பிடிக்கும், 1000-ல் அது இருந்தும் இல்லாத மாதிரி. ஆனால் மழையிலும் பனியிலும் அதை அணைத்துவிடுங்கள். ட்ரைவ் சக்கரங்கள் வழுக்கினால் ட்ரக் ட்ரெய்லரோடு மடங்கிவிடும்.

பிரேக்கைத் தொடர்ந்து மிதித்தபடி இறங்காதீர்கள். நீங்கள் வைத்த வேகம் 40 மைல் என்றால், அதைத் தொட்டதும் உறுதியாக மிதித்து மூன்று நொடி அளவில் 35-க்குக் கொண்டுவந்து, காலை முழுதாக எடுங்கள். மறுபடி 40 வந்தால் மறுபடி அதே மாதிரி.

கிளட்ச் இல்லாமல் மாற்றுவது

அனுபவசாலிகள் பலர் கிளம்பவும் நிற்கவும் மட்டும் கிளட்சைத் தொடுவார்கள். ஆக்ஸிலேட்டரைத் தளர்த்தி, பல்லில் இருக்கும் இழுவை விடும் கணத்தில் நியூட்ரலுக்கு இழுத்து, வேகம் சமமாகும்போது அடுத்ததில் நழுவ விடுவார்கள். இதை ஃப்ளோட்டிங் என்பார்கள். வேகக்கணக்கு கையில் ஊறியவருக்கு இது பல்லுக்குக் கேடில்லை. ஊறாதவர் செய்தால் ஒவ்வொரு தடவையும் பல்லின் முனை கொஞ்சம் கொஞ்சமாக மழுங்கும். அதன்பின் லோடு ஏறியதும் கியர் தானாக வெளியே குதிக்க ஆரம்பிக்கும். டெஸ்ட்டில் இதைச் செய்யவே வேண்டாம், அங்கே டபுள் கிளட்ச்தான் எதிர்பார்க்கிறார்கள்.

13, 18 ஸ்பீடு

குமிழின் பக்கவாட்டில் ஸ்ப்ளிட்டர் என்ற பட்டன் கூடுதலாக இருக்கும். அது ஒரு கியரை இரண்டாகப் பிளக்கும். 13-ல் ஹை ரேஞ்சில் மட்டும், 18-ல் எல்லாவற்றிலும். பிளந்த அரை கியருக்கு வித்தியாசம் சுமார் 200 ஆர்.பி.எம். தான். ரேஞ்சைப் போல இதை முன்கூட்டியே தட்டி வைக்கக் கூடாது. தட்டியதும் உடனே ஆக்ஸிலேட்டரை விட்டு, கிளட்சை ஒரே ஒரு தடவை மிதித்து விடுங்கள். லீவரை நகர்த்தவே வேண்டாம்.

வண்டியே காரணமாக இருந்தால்

நிற்கும்போது கிளட்சைத் தரைவரை மிதித்தும் முதல் கியர் கரகரக்கிறதா? கிளட்ச் பிரேக் தேய்ந்திருக்கும், அல்லது அட்ஜஸ்ட்மென்ட் போயிருக்கும். கிளட்சைப் பிரிக்கும் ரிலீஸ் பேரிங்குக்கும் கிளட்ச் பிரேக்குக்கும் இடையே அரை அங்குலமும், அந்தப் பேரிங்கை நகர்த்தும் ஃபோர்க்குக்கும் பேரிங்குக்கும் இடையே 1/8 அங்குலமும் இருக்க வேண்டும். பெடலின் ஃப்ரீ ப்ளே குறைந்துகொண்டே வந்தால் கிளட்ச் தட்டு தேய்கிறது, முழுதாக மறையும் முன் அட்ஜஸ்ட் செய்யச் சொல்லுங்கள். கிளட்ச் பிரேக் உடைந்திருந்தால், கியர்பாக்ஸை இறக்காமலே மாட்டக்கூடிய இரண்டு துண்டுத் தகடுகள் கிடைக்கின்றன. கியர் குமிழருகே இடைவிடாமல் காற்று கசியும் சத்தம் கேட்டாலோ, ரேஞ்ச் மாற வழக்கத்தைவிட நேரம் எடுத்தாலோ, காற்றுக் குழாய்களையும் கியர்பாக்ஸில் இருக்கும் காற்று ஃபில்டரையும் அன்றைக்கே பார்க்கச் சொல்லுங்கள்.